விழுந்த பல்லைத் தேய்த்துக் கழுவியவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

28 வருடம் மைதானத்தில் விசில் ஊதி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் நான். கை பிசகினால் எப்படிக் கட்டுவது, மூக்கில் ரத்தம் வந்தால் எப்படி உட்கார வைப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பல் விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியாதவனாக இருந்திருக்கிறேன்.

ஒருநாள் கபடியில் ஏழாம் வகுப்புப் பையனுக்கு எதிரணிப் பையனின் முழங்கால் பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டது. மண்ணில் கிடந்ததைத் தேடி எடுத்தேன். குழாயடிக்குப் போய், வேரில் சவ்வு மாதிரி ஒட்டியிருந்ததையும் மண்ணோடு சேர்த்து விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அவன் அப்பா வந்து, பஸ் பிடித்து, பல் டாக்டரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தவர், “இவ்வளவு சுத்தமா யார் சார் கழுவினது?” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்!

அழுக்கு என்று நான் தேய்த்தெடுத்ததுதான் பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைக்கும் நார்ச்சவ்வாம். அதிலுள்ள செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி ஒட்டும். காய்ந்து கிடந்தால் ஒரு மணி நேரத்தில் அவை செத்துவிடும். டாக்டர் அந்தப் பல்லையே திரும்பப் பொருத்திக் கம்பி கட்டினார், வேர் சிகிச்சையும் செய்தார். ஆனாலும் சில வருடங்களில் வேர் கரைந்து பல் போய்விட்டது. போன மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவனுக்கு முறுக்கு கொடுத்தோம். கையால் நொறுக்கி, கடைவாயில் போட்டுத்தான் மென்றான்.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, பாலில் லேசாக அலசி, முன்பக்கம் எது என்று பார்த்து, உடனே குழியில் திரும்பச் செருகிக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கை வரவில்லையா, ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். பள்ளி வாசலிலேயே டீக்கடை, அதன் ஃபிரிட்ஜில் பாக்கெட் பால்! அதுவும் கிடைக்காத இடத்தில் அடிபட்டவரின் எச்சிலையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லிப் பல்லை அதில் போடலாம். தண்ணீரில் ஊறப் போடுவது நல்லதில்லை. பையன் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லுக்கு முன் தலையைக் கவனிக்க வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும்.

விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். பால்பல் என்றால் அது சரிதான். அடிபட்டு விழுந்தாலும் பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, உள்ளே முளைக்கக் காத்திருக்கும் நிலைப்பல் கெட்டுவிடும். ஆனால் ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல் போனால் போனதுதான். அதையும் நாம் குப்பையாகவே பார்க்கிறோம்.

பள்ளி முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறது, டிஞ்சர் இருக்கிறது. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் கல்வித்துறை இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். என் பழைய பள்ளியின் பெட்டி மூடியில் நானே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மற்ற பள்ளிகளும் வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக, விளையாட்டு விழாக்கள் தொடங்குமுன் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா?

- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்