களிமண் வேலைக்கும் காசு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நீங்கள் போடும் 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கங்களைத் தவறாமல் பார்க்கிறேன். பொறியியல், சட்டம், கேட்டரிங் என்று எல்லாவற்றுக்கும் எந்த உதவித்தொகை கிடைக்கும், எங்கே இன்டர்ன்ஷிப் போகலாம் என்று விவரமாக எழுதுகிறீர்கள். ஓவியம், சிற்பம் என்று வந்தால் மட்டும் 'ஆர்வமுள்ளவர்களுக்கு ஏற்ற துறை' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆர்வமெல்லாம் நிறையவே இருக்கிறது சார், கேன்வாஸ் வாங்கத்தான் காசு இல்லை. அரசு ஓவியக் கல்லூரி ஒன்றில் சிற்பம் படித்துவிட்டு இப்போது புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவன் நான், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் சொற்பம். வெளியில் இருப்பவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு 'சும்மாதானே படிக்கிறான்' என்கிறார்கள். செலவெல்லாம் பொருளில் இருக்கிறது. ஆயில் பெயிண்டில் எல்லாக் கலரும் ஒரே விலை கிடையாது. வெள்ளை, காவி எல்லாம் கைக்கு அடக்கம், காட்மியம் சிவப்பு, கோபால்ட் நீலம் என்று போனால் ஒரு டியூப்புக்கே யோசிக்க வேண்டும். பிரிண்ட்மேக்கிங், அதாவது தகட்டில் படம் பதித்துத் தாளில் அச்செடுக்கும் பாடம் எடுத்தவர்களுக்குத் துத்தநாகத் தகடு, ஆசிட், தடிமனான தாள் என்று அது தனிக் கணக்கு.

சிற்பத்தில் நடப்பது இன்னும் மோசம். ஒரு தலையையோ ஆள் உயர உடலையோ வாரக்கணக்கில் களிமண்ணில் செய்வோம். அதை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் பிளாஸ்டரில் அச்சு எடுத்து ஃபைபரிலோ உலோகத்திலோ வார்க்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்கள் ஆசிரியர் மார்க் போட்டதும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, வேலையை உடைத்து, மண்ணை மறுபடி தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார்கள், அடுத்த பாடத்துக்கு அதே மண்தான். நாலு வருடம் முடிந்து ஒரு ஸ்காலர்ஷிப்புக்கோ கண்காட்சிக்கோ விண்ணப்பிக்கும்போது முடித்த வேலைகளைக் காட்டு என்று கேட்டால் காட்ட என்ன இருக்கும்? போன் கேமராவில் எடுத்த போட்டோதான். வார்க்க முடிந்தவர்களுக்கே அடுத்த உதவியும் கிடைக்கிறது.

உதவித்தொகையே இல்லையா என்றால், இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவே மாட்டேன், ஆனால் அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறது. நாடு முழுக்க மொத்தம் 400 பேர். கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, நடனம், நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாம் அந்த 400-க்குள்தான், ஓவியமும் சிற்பமும் அதில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் விண்ணப்பிப்பதில்லை, கடைசி தேதி முடிந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அறிவிப்பு வந்த வாரமே உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம் இன்டர்ன்ஷிப். 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள், ஆனால் முழுநேரம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் சேர முடியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சுவர் ஓவியம். பெயிண்ட் தருவோம், சாப்பாடு உண்டு, சான்றிதழ் உண்டு என்று கூப்பிடுவார்கள். மே மாத வெயிலில் சாரத்தில் ஏறி நின்று வரைய வேண்டும். சாரம் கட்டியவருக்கு அன்றைக்கே கூலி, சுவருக்கு வெள்ளை அடித்தவருக்கும் கூலி. வரைந்த பையனுக்கு மட்டும் 'எக்ஸ்போஷர்', அதாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்ற ஆறுதல்! இதைச் செய்வது தனியார் மட்டுமென்று நினைக்க வேண்டாம்.

இத்தனைக்கும் கூலி கொடுத்து வாங்க வேண்டிய வேலை அரசிடமே குவிந்து கிடக்கிறது. தொல்லியல் துறை கீழடி, கங்கைகொண்ட சோழபுரம், வெம்பக்கோட்டை என்று பல இடங்களில் தோண்டியிருக்கிறது. கிடைக்கும் பானை ஓடுகளைப் போட்டோ எடுத்தால் மட்டும் போதாது, வரைய வேண்டும். வாய் விளிம்புத் துண்டை வட்டங்கள் போட்ட தாளில் வைத்து, முழுப் பானைக்கு வாய் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று முதலில் பிடிப்பார்கள். பிறகு நடுவில் ஒரு கோடு; ஒரு பக்கம் பானையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் கனத்தை வரைந்து கறுப்பு நிரப்ப வேண்டும், மறுபக்கம் வெளித்தோற்றம். விளிம்பின் வளைவு கொஞ்சம் தப்பினாலும் அது வேறு பானையாகிவிடும். ஓவியம் படிப்பவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள், செராமிக் படிப்பவர்கள் அது சக்கரத்தில் செய்ததா கையால் வனைந்ததா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல் தொடங்கியது, அரசு அருங்காட்சியகம் 1851-ல். இரண்டும் எழும்பூரில்தான் இருக்கின்றன, நடந்தே போய்விடலாம். அங்கே பிரதி எடுக்க, காட்சிக்கூடம் அமைக்க, குழந்தைகளுக்கு விளக்கப் படம் போட என்று ஒவ்வொரு விடுமுறையிலும் மாணவர்களைச் சம்பளத்தோடு எடுத்தால் என்ன?

இதைச் சொன்னால் உடனே சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை உதாரணம் காட்டுகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் கலைஞர்களும் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் 1966-ல் அந்தக் கிராமத்தை உருவாக்கினார்கள், உண்மை. சரி, பெருமைப்படுவோம். யாரும் உதவாத காலத்தில் அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, அதையே இன்றைக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் எதிர்பார்த்தால் அரசு எதற்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். கலை பண்பாட்டுத் துறை, கட்டணச் சலுகை போக, பொருள் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை தரட்டும். அதை செமஸ்டர் முடிந்த பிறகு தந்து பயனில்லை, தொடக்கத்திலேயே தர வேண்டும். விண்ணப்பத்தில் 'உங்கள் படைப்பைப் பற்றி எழுதுக' என்று வரும் பகுதியைத் தமிழிலும் எழுத விட வேண்டும், நன்றாக வரையும் எத்தனையோ பேர் அந்த ஒரு பக்க இங்கிலீஷுக்குப் பயந்தே ஒதுங்குகிறார்கள். தொல்லியல் துறையும் அருங்காட்சியகங்களும் அடுத்த கோடை விடுமுறையில் சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் கல்லூரிகளிலிருந்து ஒரு இருபது பேரை எடுத்துப் பார்க்கட்டும், சாரம் கட்டுகிறவருக்குத் தருகிற தினக்கூலியைக் கணக்கிட்டுத் தந்தாலே போதும்.

இப்படிக்கு,
முன்னாள் சிற்ப மாணவன்,
சென்னை