நெய்வேலியைத் தவணையில் விற்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பொதுத்துறைப் பங்கு விற்பனை என்றாலே, "சில சதவீதம்தானே, நிர்வாகம் அரசிடம்தானே இருக்கிறது" என்கிறார்கள். நெய்வேலிக்குப் பக்கத்தில் பிறந்த என்னால் அதை அப்படி விட முடியவில்லை.

2006-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியை விட்டு விலகவும் தயார் என்ற அளவுக்குக் கலைஞர் போனார். பிரதமர் மன்மோகன் சிங் அந்த ஒரு விற்பனையை மட்டுமல்ல, பங்கு விற்பனை முடிவுகள் அத்தனையையும் நிறுத்திவைத்தார். 2013-இல், குறைந்தது 10 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியைக் காட்டி அதே பேச்சு திரும்ப வந்தது. மறுபடியும் வேலைநிறுத்தம். இந்த முறை ஜெயலலிதா, 3.56 சதவீதப் பங்கை மாநில அரசின் ஐந்து நிறுவனங்களைச் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்க வைத்தார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தலைவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

அப்புறம்? 2024 மார்ச்சில், தேர்தல் தேதி அறிவிப்புக்குச் சில நாள் முன்னால், 7 சதவீதம் பங்குச் சந்தையில் கைமாறியது. அரசின் பங்கு 79-லிருந்து 72 சதவீதமாக இறங்கியது. முன்பு ஒரு கூட்டணி அரசையே ஆட்டிய விஷயம், இப்போது வணிகப் பக்கச் செய்தி.

தாத்தாவின் முந்திரித் தோப்பு சுரங்கத்துக்குப் போனது. அந்தப் பத்திரத்தின் நகல் மடிப்பெல்லாம் கிழிந்து இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. "சர்க்கார் கேக்குது, குடுக்காம எப்படி?" என்பாராம். ஒரு தனி முதலாளி கேட்டிருந்தால் மண்வெட்டியோடு நின்றிருப்பார். சுற்றுவட்டாரத்தில் நிலம் கொடுத்த பலரும் சர்க்காரை நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கைக்குப் பங்குச் சந்தையில் என்ன விலை போடுவார்கள்?

எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். என்ற எண்ணெய் நிறுவனங்கள் போல் சட்டம் போட்டு நாட்டுடைமையாக்கிய நிறுவனங்களை, அந்தச் சட்டத்தைத் திருத்தாமல் தனியாருக்கு விற்கக் கூடாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்.எல்.சி.யோ 1956-இல் கம்பெனியாகவே பிறந்தது. அதற்கு அந்தக் காப்பும் கிடையாது.

எனவே, மக்கள் நிலம் கொடுத்து உருவான நிறுவனத்தின் பங்கை விற்பதானால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், முதலில் அந்த மாநில அரசிடம் கேட்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வேண்டும். அரசு நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் வேண்டிய 51 சதவீதத்தைத் தொட இன்னும் 21-தான் பாக்கி. தமிழக எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இந்தக் கூட்டத்தொடரிலேயே இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
விருத்தாசலம்