இருபது பொட்டு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். ஆய்வுக் கூட்டம் முடியும்வரை எனக்குத் தலை நிமிர நேரமில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கிறதே, அதன் 2015-16 எண்களையும் 2019-21 எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராம சுகாதார செவிலியர்களுக்குப் புரியும்படி படம் போடச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கத்தில் மருத்துவமனைப் பிரசவத்தைப் பெரிய பட்டைகளாகப் போட்டேன். தமிழ்நாட்டில் 98.9 சதவீதமாக இருந்தது 99.6 ஆகியிருக்கிறது. எக்ஸெல் அச்சைச் சைபரில் தொடங்காமல் 98.5-இல் தொடங்கியிருந்தது. படம் நிறைவாகத் தெரிந்ததால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம்.

முன்வரிசையில் இருந்த ஒரு செவிலியர் எழுந்து, “மேடம், அஞ்சு வருஷத்துல மூணு மடங்கா ஏறிடுச்சா? எங்க ஏரியால வீட்டுல பிரசவம் நடந்தே எவ்வளவோ வருஷமாச்சே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீயும் நானும் முதலாம் ஆண்டிலேயே படித்த பாடம். பட்டையின் நீளத்தைத்தான் கண் படிக்கிறது, அடியை வெட்டினால் அது பொய் சொல்லிவிடும். இத்தனை வருஷம் கழித்து அதையே செய்திருக்கிறேன்.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. அதே தாளின் அடியில், பொடி எழுத்து அட்டவணையில், சிசேரியன் கணக்கு கிடந்தது. மாநிலம் முழுக்க 34.1 சதவீதம் 44.9 ஆகியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 26.3-லிருந்து 36, தனியாரில் 51.3-லிருந்து 63.8. அதை ஒருவரும் படிக்கவில்லை. அசையாத எண்ணுக்கு அரைப்பக்கமும், எகிறிய எண்ணுக்கு ஒரு வரியும் கொடுத்தது நான்தானே, அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தென்றால் சிசேரியன்தான் உயிர்காக்கிறது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இந்த ஏற்றம் முழுவதும் ஆபத்தினால் வந்ததா என்ற கேள்வியை ஒரு செவிலியர் கேட்க வேண்டுமென்றால், முதலில் அது அவர் கண்ணில் பட வேண்டும்.

வீட்டுக்கு வந்து முழுவதையும் மாற்றினேன். இடப்பக்கம் 2015-16, வலப்பக்கம் 2019-21, நடுவே இரண்டே கோடுகள். கோட்டின் நுனியிலேயே ‘அரசு’, ‘தனியார்’ என்று எழுதிவிட்டேன். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று மூலையில் தனியாகப் பெட்டி போட்டால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. நிறத்தையும் நம்பவில்லை. எங்கள் தாள்கள் கடைசியில் ஜெராக்ஸாகத்தான் எல்லோர் கைக்கும் போகின்றன. அதில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டேன்.

மறுவாரம் அந்தச் செவிலியரின் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். என் படத்தைப் பார்த்துவிட்டு, “சதவீதம்னா எங்க பொம்பளைங்களுக்கு ஓடாது மேடம்” என்றார். மேஜை டிராயரிலிருந்து இரண்டு அட்டை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஒரு சார்ட் பேப்பரில் இருபது பொட்டு வரிசையாக ஒட்டினார். ஒன்பது மெரூன், பதினொன்று கறுப்பு. “இருபது பேர் பிள்ளை பெத்தா ஒம்பது பேருக்கு ஆபரேஷன். போன தடவை ஏழு பேர்.” 44.9-ஐ ஒன்பதாகவும் 34.1-ஐ ஏழாகவும் முழுமையாக்கலாமா என்று நீ கணக்குப் பார்ப்பாய். பார், சரியாகவே வரும். தடுப்பூசி போட வந்திருந்த ஒரு பெண் அந்த மெரூன் பொட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள், கலா. என் எந்தப் படத்தையும் யாரும் அப்படித் தொட்டதில்லை.

கிரிமியப் போரில் செவிலியராக இருந்த நைட்டிங்கேல், அங்கே இறந்த வீரர்களைப் பற்றி 1858-இல் வெளியிட்ட அந்த இதழ் இதழான படத்தைப் பாடமாக எடுப்பதாக எழுதியிருந்தாய். பரப்பளவைக் கண் சரியாக எடைபோடாது என்று அதைக் குறைசொல்பவர்களோடு நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. காயத்தால் செத்தவர்கள் சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் நீலம். நீலம் சிவப்பை விழுங்கிவிடுகிறது. அந்த அம்மாள் சொல்ல வந்தது அது ஒன்றுதான், தாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்.

மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தி ஒரு படம் கேட்கிறார்கள். இது எல்லா வீடுகளையும் கேட்காமல் சில வீடுகளை மட்டும் கேட்டு எடுத்த ஆய்வு, இரண்டு சதவீத வித்தியாசத்தில் ஒரு மாவட்டத்தைப் பச்சையாகவும் பக்கத்து மாவட்டத்தைச் சிவப்பாகவும் காட்டுவது அநியாயம் என்று சொல்லியிருக்கிறேன். பிழை வரம்பைக் கோடாகப் போட்டுத்தான் கொடுப்பேன்.

அப்புறம், உன்னிடம் ஓர் உதவி. அடுத்த மாதம் குழந்தைகளின் இரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 50.7 சதவீதமாக இருந்தது 57.4 ஆகியிருக்கிறது. அம்மாக்கள் பார்க்கும்படி அதை எப்படி வரையலாம் என்று உன் மாணவிகளிடம் கேள். அவர்கள் கிறுக்கிய தாளையே அப்படியே அனுப்பு, பொட்டு வாங்க நான் கடைக்குப் போகத் தயார்.

அன்புடன்,
மீனா