பாப்பாவின் பாடத்துக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பாப்பாவுக்குப் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று எழுதிவரச் சொன்னதாகச் சொன்னாய். போனில் சொல்ல வந்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பழைய பெயர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம். நம் பெருமாள் காட்டு மன்னனார், அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது. ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத்தைத் தேடித் தொகுத்த நாதமுனி பிறந்த ஊர் என்று கட்டாயம் எழுதச் சொல். வீராணம் ஏரி வடக்கு தெற்காக 14 கிலோமீட்டர். கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவந்து கொட்டினால்தான் ஏரிக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொஞ்சம் சேர்க்கும். நேற்று லால்பேட்டைக்கு வெற்றிலை வாங்கப் போனபோது பார்த்தேன், 44 அடி. 47.5 வந்தால் நிரம்பின கணக்கு.

அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? 2004லிருந்து நம் ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. நீ புதிதாக அனுப்பிய விலாசத்துக்கும் வருமா? எதற்கும் காய்ச்சிக் குடி. அந்த விலாசத்தை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றமா என்று கேட்பாள். பாப்பாவின் ஃபீஸை நீயே கட்டினாயாமே. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் என்ன வேற்றாளா?

சரி, ஏரிக்கு வருகிறேன். வெட்டியது பராந்தகச் சோழன் மகன் இராசாதித்தன் என்பார்கள். அப்பாவின் பட்டப்பெயரை ஏரிக்கு வைத்தவன், 949இல் தக்கோலத்துப் போரில் யானைமேலேயே மாண்டான். அப்பன் அதற்குப் பிறகும் இருந்தான். இதைப் பாப்பா எழுத வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு ராதா மதகுகிட்ட வண்டியை நிறுத்தச் சொன்னாயே. "அப்பா, எனக்கு மனசே ஒப்பல" என்றாய். நான் மதகைக் காட்டி, திருகை எத்தனை சுற்று சுற்றினால் பலகை எவ்வளவு மேலே வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நீயும் துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையாட்டினாய். காதில் விழவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருப்பாய். விழுந்ததம்மா. நன்றாகவே விழுந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, யார் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்துவிட்டேன். இப்போதும் பார், ஏரியைப் பற்றித்தான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மாடி அறையிலிருந்த நெல் மூட்டைகளைக் கீழே இறக்கி, கழுவிவிட்டேன். அம்மா ஏன் என்றாள். எலி என்றேன்.

சேத்தியாத்தோப்பு வந்ததும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் வண்டியோடு நிற்கிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அப்பா