இரைச்சலோடு ஒரு சிபாரிசு

அன்புள்ள சேகர் அண்ணனுக்கு,

நான் அனுப்பிய, ஜாஸ் குழுத் தலைவர் கவுன்ட் பேஸியின் வானொலி ஒலிப்பதிவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். "இந்தக் கரகரப்பைக் கேட்கவா இவ்வளவு செலவழித்து ஸ்பீக்கர் வாங்கினேன்?" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

பேஸி டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்கு வாசித்த இசைத்தட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. ஒலி சுத்தம், வாசிப்பும் அபாரம். ஆனால் ஒவ்வொன்றும் சுமார் மூன்று நிமிடம்தான். பத்து அங்குல 78 தட்டில் அதற்கு மேல் இடம் கிடையாது. நம் வித்வான்களும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒரு கீர்த்தனையைத் தட்டுக்குள் அடக்கிப் பாடினார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களுடைய கச்சேரியை எடைபோட நீங்கள் சம்மதிப்பீர்களா? பேஸியின் குழு நடனமாடுபவர்களுக்கு வாசித்தே வளர்ந்த குழு. ரிஃப் என்கிற ஒரு சின்ன இசைத்துணுக்கைப் பிடித்துக்கொண்டு, நடனத் தளம் சூடேறும்வரை அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மூன்று நிமிடத்தில் அது எங்கே சூடேற?

அப்புறம், அந்தக் குழுவை உலகத்துக்குக் காட்டியதே வானொலிதான். 1936இல் பேஸி கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஒலிபரப்பைச் சிகாகோவில் தன் கார் ரேடியோவில் தற்செயலாகப் பிடித்தார் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட். அதன் பிறகுதான் நியூயார்க், டெக்கா ஒப்பந்தம் எல்லாம். (ராயல்டி இல்லாத ஒப்பந்தம் அது. பேஸி அதை உணராமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.) 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' என்ற பெயரும் ஒலிபரப்பில் பிறந்ததுதான் என்பார்கள். அந்த உருப்படியின் பழைய பெயர் கொச்சையானது, மைக்கில் சொல்ல முடியாது. கடிகாரத்தில் மணி ஒன்றை நெருங்கியிருக்க, அதையே பெயராக வைத்துவிட்டார்களாம்.

சரி, நீங்கள் நிறுத்திய ஒலிப்பதிவுக்கு வருகிறேன். அது 1937 ஜூன் 30 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடத்திலிருந்து போன ஒலிபரப்பு. பாடுவது ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. அந்த வருடம் மார்ச்சிலிருந்து அவர் பேஸி குழுவோடுதான் ஊர் ஊராகப் போனார். ஆனால் அவருடைய ஒப்பந்தம் ஒரு கம்பெனியோடு, பேஸியின் ஒப்பந்தம் இன்னொரு கம்பெனியோடு. அதனால் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோவில் ஒரு தட்டுகூடப் பதியவில்லை. மிஞ்சியிருப்பது வானொலியிலிருந்து பிடித்த மூன்றே பாடல்கள். இரண்டு சவாயில், ஒன்று அதே வருடம் நவம்பரில் நியூஜெர்சியின் மீடோபுரூக் நடனக்கூடத்தில். யாரோ ஒருவர் அந்த ராத்திரி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பதிவுக் கருவியை ஓடவிட்டிருக்காவிட்டால், இந்தக் கூட்டணி எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரியவே போவதில்லை.

சவாயில் பாடிய 'தே கான்ட் டேக் தட் அவே ஃப்ரம் மீ' அப்போது இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் புத்தம் புதிய பாட்டு. (இந்த ஒலிபரப்பு நடந்து பதினோரு நாளில் அவர் இறந்துபோனார்.) பில்லி எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். ஃப்ரெடி கிரீனின் கிடாரும் வால்டர் பேஜின் பாஸும் ஜோ ஜோன்ஸின் டிரம்ஸும் தாளத்தை அசையாமல் கொண்டுபோகின்றன. பில்லியோ கொஞ்சம் பின்தங்கி, அவசரமே இல்லாமல் சொற்களை வைத்துக்கொண்டு போகிறார். அந்தக் குழுவின் லெஸ்டர் யங் டெனர் சாக்ஸஃபோனில் செய்வதும் இதேதான். அதற்கடுத்து 'ஸ்விங், பிரதர், ஸ்விங்' போட்டுப் பாருங்கள். அதே குரல் மொத்தக் குழுவையும் முன்னால் நின்று விரட்டுகிறது.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கோபம் குறையலாம். பால்ரூமிலிருந்து நிலையத்துக்கு ஒலி போனது தொலைபேசிக் கம்பியில். அதை ரேடியோவில் வாங்கி, அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய தட்டில் அப்படியே வெட்டினார்கள். ஊசி வெட்டும்போது லாக்கர் மெல்லிய கறுப்பு நூலாகச் சுருண்டு எழும். அதை ஒரு பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசியில் சிக்கிப் பதிவே பாழ். லாக்கர் மென்மையானது என்பதால் போட்டுக் கேட்கக் கேட்கத் தேயும். வருடக்கணக்கில் வைத்திருந்தால் வெடித்து உரியும். சின்னத் தட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், அடுத்ததை மாற்றுவதற்குள் சில வரிகள் போய்விடும். இந்த மாதிரிப் பதிவுகள் பல பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்பது அதனால்தான்.

எல்லாமே இப்படி மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். பில் சேவரி என்ற ஒலிப் பொறியாளர் முப்பதுகளின் கடைசியில் நியூயார்க்கில் ஒலிபரப்புகளைப் பெரிய பன்னிரண்டு, பதினாறு அங்குலத் தட்டுகளில் பதிந்து வைத்தார். சாகும்வரை அவற்றைப் பெரும்பாலும் யாருக்கும் தரவில்லை. 2010இல்தான் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. அதில் பேஸி 1938இல் ஃபேமஸ் டோர் கிளப்பில் வாசித்தவை இருக்கின்றன. ஐம்பத்திரண்டாம் தெருவில் ஒரு குறுகலான இடம். பதினான்கு பேர் குழுவைக் கோடையில் அதற்குள் அடைக்க ஏசி வேண்டியிருந்தது. பேஸியின் ஏஜென்சிதான் அதற்குப் பணம் கொடுத்து வாய்ப்பையும் வாங்கியது. அங்கிருந்து சிபிஎஸ் வானொலி நாடு முழுக்க ஒலிபரப்பியது. டெக்கா தட்டுகளில் லெஸ்டருக்கும் குழுவின் இன்னொரு டெனர் வாசிப்பாளர் ஹெர்ஷல் எவன்ஸுக்கும் கிடைக்காத இடம் இங்கே கிடைக்கிறது. எவன்ஸ் 1939 பிப்ரவரியில் போய்விட்டார். அவர் வாசித்ததே கொஞ்ச காலம் என்பதால் ஒவ்வொரு தட்டும் முக்கியம்.

ஆகவே, முதலில் ஃபேமஸ் டோர் ஒலிபரப்புகளைக் கேளுங்கள். ஒலி தெளிவாகவே இருக்கும், உங்கள் ஸ்பீக்கருக்கும் மரியாதை. பிறகு சவாய்க்குத் திரும்பி வாருங்கள். கரகரப்பைக் குறைக்கிறேன் என்று டிரெபிளைத் திருகிவிடாதீர்கள், ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் ஜால்ராவும் அதோடு சேர்ந்து போய்விடும். மீடோபுரூக் பாடலைத் தனியாக அனுப்புகிறேன். அதையும் பாதியில் நிறுத்தினால் அடுத்த மாதம் நேரில் வந்து உட்கார்ந்துகொண்டு போட்டுக் காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி