ப்ளீச்சிங் முடிந்த கையோடு பல்லை அடைக்காதீர்கள்

அன்புள்ள பல் மருத்துவ நண்பர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், கிளினிக் வாசல்களில் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. காலையில் பல்லை வெளுக்கும் ப்ளீச்சிங், மாலையில் முன்பல் அடைப்பு, மறுநாள் கல்யாணம். மணமக்களுக்கு இது வசதிதான். அந்த அடைப்புக்குத்தான் ஆயுள் குறைவு.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. பல் நிறத்தில் அடைக்கும் பிசின் கலவையான காம்போசிட்டுக்கு, அதை இறுக்க ஒளி காட்டி முடித்ததும் மேற்பரப்பில் பிசுபிசுப்பாக ஒரு படலம் நிற்கிறதே, காற்றிலுள்ள ஆக்சிஜன் பிசினை இறுகவிடாமல் தடுப்பதால் வருவது அது. அதைத் துடைத்து மெருகேற்றிவிடுகிறோம். ஆனால் வெளுப்பதற்காக 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிய பல்லில், ஆக்சிஜன் பல்லின் மேல்பூச்சான எனாமலுக்குள்ளும் அதன் அடியிலுள்ள டென்டினுக்குள்ளும் தங்கிவிடுகிறது. பிசின் இறுகாமல் போவது அங்கே அடியில், பல்லைப் பற்ற வேண்டிய இடத்தில். அதைத் துடைக்க யாரால் முடியும்? அமிலம் தடவிய எனாமலுக்குள் பிசின் விரல்விரலாக இறங்கிப் பிடிப்பதை நம்பித்தான், 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் புவனோகோர் வழிகாட்டியது முதல், இந்த வைத்தியமே நடக்கிறது. வெளுத்த உடனே அடைத்தால் அந்த விரல்கள் குட்டையாகவும் அரைகுறையாகவும் நிற்கின்றன.

உதிர்ந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். துண்டு உடையாமல் முழுசாக, பின்புறம் வழுவழுவென்று இருந்தால், அது பல்லைச் சரியாகப் பற்றவே இல்லை; கடித்த முறுக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிறம் இன்னொரு தொல்லை. ப்ளீச்சிங் முடிந்த பல் நீர் வற்றி, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். அதற்குப் பொருத்தமாக அடைத்தால், பல் தன் நிறத்துக்குத் திரும்பும்போது அடைப்பு மட்டும் சுண்ணாம்புப் பொட்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். கல்யாண ஆல்பம் கைக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்!

தங்கிய ஆக்சிஜனை முறிக்கத்தான் சோடியம் ஆஸ்கார்பேட் (வைட்டமின் சி உப்பு) இருக்கிறதே என்பீர்கள். பிடுங்கிய பற்களை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில் 10 சதவீதக் கரைசல் பிணைப்பை மீட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாய் ஆய்வகமல்லவே. இரண்டு வாரம் பொறுத்தால் ஆக்சிஜன் தானாக வெளியேறிவிடும், செலவும் கிடையாது.

எனவே அந்தத் தட்டிகளை இறக்குங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே வரச்சொல்லுங்கள். சொத்தை இருந்தால் தற்காலிக சிமெண்டால் மூடிவிட்டு ப்ளீச்சிங் செய்து, இரண்டு வாரம் கழித்து நிரந்தரமாக அடையுங்கள். பல்லில் கிளிப் ஒட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். வீட்டிலேயே வெளுக்கும் ஜெல் தடவிய ட்ரேயைப் பல்லில் மாட்டிக்கொள்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடிலிருந்து பிறப்பதும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான், சுமார் மூன்றரை சதவீதம். வேறெங்கோ வெளுத்துக்கொண்டு உங்களிடம் அடைக்க வருபவர் தானாக அதைச் சொல்லமாட்டார். கேஸ் சீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் கேட்கும் இடத்துக்குக் கீழே, கடைசியாகப் பல் வெளுத்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சக பல் மருத்துவர் ஒருவர்