கார்ட்டூன் என்று சொல்லிக் கூட்டிச் சென்றது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த, அமெரிக்க ஓவியர் பிலிப் கஸ்டனின் ஓவியக் கண்காட்சி 2024 பிப்ரவரி 25ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜனவரியிலும் பிப்ரவரியிலுமாக நான்கு சனிக்கிழமைகள் உங்களில் 58 பேரை அங்கே கூட்டிச் சென்றோம். அதன் பிறகு வந்த மின்னஞ்சல்கள் 23. தமிழில் விளக்கம் சொல்லி அருங்காட்சியகங்களுக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் இந்தத் தொழிலை நானும் என் தம்பியும் ஆறு வருடமாக நடத்துகிறோம். பூக்களும் குளங்களுமாக இருக்கும் கண்காட்சி என்றால் நான்கு நன்றிக் கடிதங்கள் வரும், அதோடு சரி. இந்த முறை நன்றியும் வந்தது, கோபமும் வந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டும் வந்தது. தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது கடிதத்திலேயே முதல் கடிதத்தில் எழுதியதைத்தான் திரும்ப எழுதுகிறேன் என்று தெரிந்தது. அதனால் இந்தப் பொது மடல்.

முதலில் எங்கள் தவறு. அறிவிப்பில் “கார்ட்டூன் பாணி நையாண்டி ஓவியர், பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து ரசிக்கலாம்” என்று போட்டிருந்தோம். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை எழுதியவன் தம்பி. படித்துப் பார்த்துச் சரி என்றவள் நான். அதை நம்பி இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்தன. உள்ளே போனால், வெள்ளை முக்காடு அணிந்த கூ க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் குட்டிக் காரில் ஊர்வலம் வருகிறார்கள், சுருட்டுப் பிடிக்கிறார்கள், வெட்டுண்ட கால்கள் செருப்போடு குவிந்து கிடக்கின்றன. “எதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னீர்கள்?” என்று ஒரு தாய் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்.

ஆனால் கார்ட்டூன் என்ற சொல்லை நான் திரும்பப் பெறவில்லை. கஸ்டன் 1913இல் கனடாவின் மாண்ட்ரியலில், ஒடெசாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் பிலிப் கோல்ட்ஸ்டைன். பிறகு குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் போனது. தந்தைக்குச் சரியான வேலை அமையவில்லை. பழைய சாமான் சேகரித்துப் பிழைத்தார். ஒரு நாள் தூக்கிட்டுக்கொண்டார். சிறுவன் பிலிப் ஒற்றை பல்ப் தொங்கும் அலமாரி அறைக்குள் புகுந்துகொண்டு படம் வரைந்தான். செய்தித்தாளில் வந்த சித்திரத் தொடர்கள்தான் அவனுக்குப் பாடப்புத்தகம். தபால் வழியில் கார்ட்டூன் வகுப்பிலும் சேர்ந்து படித்தான். 50 ஆண்டுகள் கழித்து வரைந்த படங்களிலும் அந்த பல்ப் தொங்குகிறது, இழுக்கும் கயிற்றோடு. பெரியவர்கள் அதற்கு ஆளுக்கொரு தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது சனிக்கிழமை வந்த ஏழு வயதுப் பையன் ஒருவன், “இது எங்கள் பாத்ரூம் கயிறு” என்றான். அன்று சொல்லப்பட்ட விளக்கங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்து, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் மின்னஞ்சல். மூன்று பக்கம். சாரம் இதுதான்: “இதை என் பேரன் வரைவான். இவருக்கு ஓவியம் வராது என்பதை மறைக்கத்தான் நீங்கள் டர்பைன் மண்டபத்தில் அரை மணி நேரம் பேசினீர்கள்.” ஐயா, டேட்டின் நுழைவு மண்டபமான அங்கே அரை மணி நேரம் பேசியது உள்ளே கூட்டமாக நின்று பேசினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பதால். ஓவியம் வருமா என்பதற்குப் பதில் முதல் அறைகளிலேயே இருந்தது. நீங்கள் அந்த அறைகளை வேகமாகக் கடந்து போனதை நான் பார்த்தேன். 1930களில் இத்தாலிய மறுமலர்ச்சிக்கால ஓவியர்களைக் கரைத்துக் குடித்தவராக வரைந்திருக்கிறார். 21 வயதில் நண்பருடன் சேர்ந்து மெக்சிகோவின் மொரேலியாவில் ஒரு முழுச் சுவரை நிரப்பினார். பிறகு நியூயார்க் போய், 1950களில் உருவங்களே இல்லாத அரூப ஓவியத்தில் பெயர் வாங்கினார். இளஞ்சிவப்பும் சாம்பலுமாக மினுங்கும் அந்தத் தீற்றல்களுக்காக 1962இல் குகன்ஹைம் அருங்காட்சியகமே அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான், ஐம்பதைத் தாண்டிய வயதில், தடித்த கோட்டில் செருப்பும் பல்பும் செங்கலும் வரையத் தொடங்கினார். வியட்நாம் போரும் தெருக் கலவரங்களும் நடக்கும்போது, வீட்டில் பத்திரிகை படித்துக் கொதித்துவிட்டு, ஓவிய அறைக்குள் போய் ஒரு சிவப்பை ஒரு நீலத்துக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறேனே, நான் என்ன மனிதன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பொறியாளர் ஐயா வருத்தப்பட வேண்டாம், அவருக்குப் பெரிய துணை இருக்கிறது. 1970இல் நியூயார்க் மார்ல்பரோ கலைக்கூடத்தில் இந்தப் படங்களை முதன்முதலாகக் காட்டியபோது, நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹில்டன் கிரேமர், ‘தத்தாரி வேடம் போடும் பண்டிதர்’ என்ற பொருள்பட ஒரு தலைப்புப் போட்டுக் கிழித்தார். ஆண்டுக்கணக்கில் நெருங்கிப் பழகிய இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் படங்களைப் பார்த்து மௌனமானார், நட்பே முறிந்தது. சக ஓவியர் வில்லெம் டி கூனிங் மட்டும் கட்டியணைத்து, இது சுதந்திரம் பற்றிய விஷயம் என்று சொன்னாராம். கஸ்டன் இத்தாலிக்குப் போய்விட்டார். 1978இல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஃபெல்ட்மனை வரைந்தார்; காதுதான் பெரிதாகத் தெரியும். கஸ்டன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1984இல், ஃபெல்ட்மன் அவர் பெயரில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் இசைக்கோவை ஒன்றை எழுதினார். தேநீர் குடிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கேட்ட அக்கா ஒருவர், “உயிரோடு இருக்கும்போது ஒரு போன் போட்டிருக்கலாம்” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

எனக்கு வேடிக்கையாக இருப்பது ஒன்று. 1970இல் வந்தவர்களுக்கு, படம் கார்ட்டூன் போல இருக்கிறதே என்று கோபம். எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு, கார்ட்டூன் என்று சொல்லிவிட்டு இப்படி இருக்கிறதே என்று கோபம். படங்கள் அதே படங்கள்.

யாழ்ப்பாணத்தில் ‘சிரித்திரன்’ இதழை நடத்திய சுந்தரின் கருத்துப்படங்களைப் பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர் இதையே நிதானமாக எழுதியிருந்தார்: கேலிச்சித்திரத்தில் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும், இதில் அது தெரியவில்லை. நல்ல கேள்வி. அமெரிக்க அதிபர் நிக்சனை கஸ்டன் 1971இல் மூக்கும் கன்னமுமாகக் கோடு கோடாக வரைந்து தள்ளிய படங்களில் அது தெளிவாகத் தெரியும். அதை நான் விவரித்த இடத்தில்தான் உங்களில் பலரும் சிரித்தீர்கள். முக்காட்டுப் படங்கள் வேறு வகை. 1930களின் தொடக்கத்தில், இளைஞராக, இதே க்ளான் கொடுமைகளை அவர் நேரடிக் கண்டனமாக வரைந்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையினர் அந்தச் சுவரோவியங்களைச் சிதைத்தார்கள். 1969இல் வரைந்த ‘த ஸ்டுடியோ’ படத்தில் முக்காடு அணிந்தவன் ஒரு கையில் தூரிகையும் மறு கையில் சிகரெட்டுமாக உட்கார்ந்து தன் உருவத்தையே வரைகிறான். ஓவியர் ஓயாமல் சிகரெட் பிடித்தவர். கேலி யாரை என்ற கேள்விக்கு அந்த சிகரெட்தான் என்னிடம் இருக்கும் பதில். முக்காட்டுக்குள் தன்னையே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்.

இதுவரை எழுதியது எனக்கு முன்பே தெரிந்தவை. இனி எழுதப்போவது தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கண்காட்சி 2020இலேயே தொடங்கியிருக்க வேண்டியது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்கக் காவலரால் கொல்லப்பட்ட ஆண்டு அது. வாஷிங்டன், பாஸ்டன், ஹூஸ்டன், லண்டன் என நான்கு அருங்காட்சியகங்களும் சேர்ந்து, முக்காட்டுப் படங்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அஞ்சி, 2024 வரை தள்ளிவைப்பதாக அறிவித்தன. கலைஞர்கள் கூட்டாகக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் சேர்ந்தன. அறிவித்ததற்கு முன்னதாகவே, 2022 மே மாதம் பாஸ்டனில் திறந்தார்கள். அங்கே வருபவர்களுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். முக்காட்டுப் படங்களைப் பார்க்காமலே விலகிப் போக ஒரு வழியும் விட்டார்கள். இதை டர்பைன் மண்டபத்தில் நான் கிண்டலாகத்தான் சொன்னேன். “நாம் என்ன கண்ணாடிப் பாத்திரங்களா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று, அது இரண்டாவது சனிக்கிழமை, முக்காட்டுப் படங்கள் இருந்த அறையில் நம்மோடு வந்த ஓர் அம்மா நடுவில் நின்றுவிட்டார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தப் படத்தையும் நெருங்காமல் நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி வெளியே போனார். பின்னாலேயே போனேன். வாசலுக்கு அருகே சுவரில் சாய்ந்திருந்தார். க்ளான் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். “பிள்ளை, எனக்கு அமெரிக்கா பற்றித் தெரியாது. எனக்குத் தலையாட்டியைத் தெரியும்” என்றார்.

இலங்கையிலிருந்து வந்த உங்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். போர்க்காலத்தில் ராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஊர் மக்களை வரிசையாக நிறுத்துவார்கள். தலையில் சாக்கோ துணியோ கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட ஒருவனை முன்னே உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னே போய் நிற்க வேண்டும். அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஊர்க்காரனாகவே இருப்பான். அந்த அம்மாவின் அண்ணனுக்கு முன்னால் ஒருவன் தலையாட்டியிருக்கிறான். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர் குறிப்பிடாமல் இவ்வளவை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

கஸ்டனின் முக்காடுகளை எங்கள் கணினித் திரையில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டு செங்குத்துக் கீறல்கள், அவைதான் கண். நானும் தமிழச்சிதான், என் அப்பாவும் வரிசையில் நின்றவர்தான். ஆனாலும் எனக்கு அது தோன்றவே இல்லை. அமெரிக்க வரலாற்றை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா மின்னஞ்சல் அனுப்பினார். பணம் கேட்கவில்லை. “முக்காட்டுக்கு உள்ளே இருப்பது தானேயாக இருக்கலாம் என்று அந்த மனிதர் வரைந்ததாகச் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. உள்ளே இருந்தவன் யார் என்று தெரியாததுதான் எங்களுக்கு வேதனை. அவருக்கு அதைத் தெரிந்தவர் போல இளஞ்சிவப்பில் வரைய முடிந்திருக்கிறது” என்று எழுதியிருந்தார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. டேட் மாடர்னில் தொங்கிய எந்த விளக்கப் பலகையைவிடவும் இந்த நான்கு வரிகள் என்னோடு அதிகம் பேசுகின்றன என்பதை மட்டும் அவருக்கு எழுதினேன்.

பாஸ்டன் துண்டுச்சீட்டு பற்றிச் செய்த கிண்டலைத் திரும்பப் பெறுகிறேன். படங்களை மறைத்துவைக்க வேண்டும் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை; 2020இல் தள்ளிவைத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி முன்கூட்டிச் சொல்வது வேறு விஷயம். அந்த அம்மாவுக்கு நாங்கள் அந்த வரியைச் சொல்லியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு அறிவிப்பிலும் உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுவோம்: முக்காடு இருந்தால் முக்காடு, பிணம் இருந்தால் பிணம், நிர்வாணம் இருந்தால் நிர்வாணம். “சிறியவர்களும் ரசிக்கலாம்” என்ற வரியை இனி என்னைக் கேட்காமல் தம்பி தொட மாட்டான்.

இன்னொரு மாற்றம். முன்னுரையை அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைக்கிறோம். நான் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால், பலரும் படத்தைப் பார்க்காமல் நான் சொன்னதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். கடைசிப் பகுதியில் ‘கப்பிள் இன் பெட்’ என்று ஒரு படம், 1977இல் வரைந்தது. மனைவி மூசா பக்கவாதத்தில் விழுந்த ஆண்டு. போர்வைக்குள் இருவரும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கஸ்டன் கையில் தூரிகைக் கட்டு, காலில் காலணி. அதைப் பற்றி நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை, நேரம் போதவில்லை. வந்த கடிதங்களில் அதிகம் பேர் எழுதியிருப்பது அந்தப் படத்தைப் பற்றித்தான். “தூங்கும்போதும் வேலையை விடாத என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கிறார்” என்று எழுதியவர் ஒருவர். “அவர் கட்டிப்பிடித்திருப்பது மனைவியையா, தூரிகையையா?” என்று கேட்டவர் இன்னொருவர். இப்படி எழுதிய இருவரும் கணவன் மனைவி, ஒரே நாளில், தனித்தனி முகவரியிலிருந்து எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி பண விஷயம். பிள்ளைகளுடன் வந்த இரண்டு குடும்பங்களுக்கும் கட்டணம் செலுத்திய கணக்குக்கே திரும்ப வந்துவிடும். விவரம் எதுவும் அனுப்ப வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் முக்காட்டு அறையைக் கண்டு பாதியில் வெளியேறியவர்கள் வேறு யாராவது இருந்தால், மார்ச் 31க்குள் ஒரு வரி எழுதுங்கள், காரணம் கேட்க மாட்டோம். படம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பணம் கேட்டவர்களுக்குத் தருவதற்கில்லை. பொறியாளர் ஐயா மட்டும் அடுத்த நடைக்குக் கட்டணமில்லாமல் வரலாம், முதல் அறைகளில் என்னோடு நிற்பதாக ஒப்புக்கொண்டால்.

கடைசிச் சனிக்கிழமை தேநீர் மேசைக்கு அடியில் யாரோ சாம்பல் நிறக் குடை ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறீர்கள். மரக் கைப்பிடி, ஒரு கம்பி வளைந்திருக்கிறது. எங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
நடையை நடத்தும் அக்காவும் தம்பியும்